மூக்கு திரும்பாத முன்சக்கர வண்டி: எதை மாற்றுவது?

ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு எங்கள் ஆன்லைன் கார் பந்தய கேம் ரூம் திறக்கும். அல்சூர், மர்ஃபி டவுன், ஜீவன் பீமா நகர், கே.ஆர்.புரம் என்று பெங்களூரின் நாலு மூலையிலிருந்தும் தமிழ் பேசுகிற பத்துப் பன்னிரண்டு பேர் வந்து சேருவார்கள். விதி ஒன்றே ஒன்று: முன்சக்கரம் இழுக்கிற வண்டிதான் ஓட்ட வேண்டும். பகலெல்லாம் சில்க் போர்டில் முதல் கியரில் ஊர்கிற ஸ்விஃப்ட்டும் போலோவும் இதே இனம்தான் என்பதால் வைத்த விதி. ராத்திரியாவது அந்த இனம் பறக்கட்டுமே.

விதி வைத்த நாளிலிருந்து எனக்கு வரும் கேள்வியும் ஒன்றே ஒன்றுதான்: "அண்ணா, மூக்கு திரும்பவே மாட்டேங்குது. என்னத்த மாத்தறது?" போன வாரம் மட்டும் மூன்று பேர் கேட்டார்கள். மர்ஃபி டவுன் கல்லூரிப் பையன் ஃபோர்ஸா ஹொரைசன் 5 கேமில் 1997 சிவிக் டைப் ஆர் வைத்திருக்கிறான், கையில் கன்ட்ரோலர். வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் நண்பர் கிரான் டூரிஸ்மோ 7 என்ற இன்னொரு கேமில் ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டை ஸ்டியரிங் வீல் வைத்து சுகுபா என்கிற ஜப்பான் பந்தயத் தடத்தில் ஓட்டுகிறார். மூன்றாவது, மகனின் ஃபோர்ஸாவைப் பிடுங்கி ஆடும் ஜீவன் பீமா நகர் அக்கா. அவருக்கு மண் ரோடு என்றால் உயிர்.

மூவருக்கும் யூட்யூப் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருக்கிறது. பின் பாரை (வளைவில் வண்டி சாய்வதைத் தடுக்கும் ஆன்டி-ரோல் பார்) இறுக்கு என்கிறது ஒன்று, டிஃபைப் (இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிஃபரன்ஷியல்) பூட்டு என்கிறது இன்னொன்று. நல்ல டயர் போடு, நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுத்துவிடு என்று மேலும் இரண்டு. நாலும் உண்மைதான், ஆனால் நாலும் ஒரே நோய்க்கான மருந்து இல்லை.

## எதை வைத்து எடை போடுவது

முன்சக்கர வண்டியின் முன் டயர்கள், ஒரே ஆள் சமைத்து, பந்தி பரிமாறி, கை கழுவத் தண்ணீரும் ஊற்றுகிற கல்யாண வீடு மாதிரி. பிரேக்கின் பெரும்பங்கு, திருப்பம், இழுவை மூன்றும் அவற்றின் தலையில்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னால் இருப்பதால் எடையில் 60 சதவீதத்துக்கு மேலும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பின் டயர்கள் மாப்பிள்ளை வீட்டார் போல, கூடவே வரும், ஒரு வேலையும் செய்யாது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் எடை பின்னால் சாயும். இழுக்க வேண்டிய டயரின் மேல் இருந்த பாரம் அப்போதுதான் குறையும்.

எனவே நான் முதலில் கேட்கும் கேள்வி, மூக்கு எந்த இடத்தில் திரும்ப மறுக்கிறது என்பதுதான். பிரேக்கை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பும் நுழைவிலா, பெடல் எதையும் பலமாக அழுத்தாமல் உருளும் நடு வளைவிலா, ஆக்ஸிலரேட்டரை அழுத்தும் வெளியேற்றத்திலா? "அண்டர்ஸ்டியர்" என்று மூன்றுக்கும் ஒரே பெயர், ஆனால் காரணம் மூன்று.

அடுத்தது புள்ளிக் கணக்கு. ஃபோர்ஸா ஒவ்வொரு வண்டிக்கும் அதன் திறனை வைத்து பிஐ என்று ஒரு புள்ளி போட்டு, அதன்படி வகுப்பு பிரிக்கும். பி வகுப்பு 700 பிஐ-யில் முடிகிறது, ஏ வகுப்பு 800-இல். ஒரு பாகத்துக்குக் கொடுத்த புள்ளி இன்னொரு பாகத்துக்குக் கிடைக்காது. அதே ஃபோர்ஸாவில் பாகத்தைப் போட்ட பிறகு அதன் எண்ணை மாற்றும் ஸ்லைடரை எங்கே நகர்த்தினாலும் பிஐ மாறாது. கிரான் டூரிஸ்மோ 7-இல் சஸ்பென்ஷன் எண்ணைத் தொட்டாலே பிபி (அந்த கேமின் புள்ளி) கொஞ்சம் ஆடும்.

மூன்றாவது, தப்பு செய்தால் வண்டி மன்னிக்குமா என்பது. தனியாக டைம் ட்ரையல் ஓட்டும்போது மன்னிப்பு தேவையில்லை. பத்து வண்டி முட்டி மோதும் ரூமில் அதுதான் பாதி வெற்றி.

## வழி ஒன்று: பின்பக்கத்தை இறுக்குவது

என் கட்சி இதுதான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

வளைவில் பாரம் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு மாறும். பாரம் ஏற ஏற டயரின் பிடிப்பும் ஏறும், ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. எனவே எந்த அச்சில் இடது வலது வித்தியாசம் அதிகமோ அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறையும். பின் ஆன்டி-ரோல் பாரை இறுக்கினால் அந்த வித்தியாசத்தின் பெரும்பங்கைப் பின்னச்சு வாங்கிக்கொள்கிறது. முன் டயர் இரண்டும் பாரத்தைக் கொஞ்சம் சமமாகப் பகிர்ந்துகொள்ளும், மூக்கு உள்ளே வரும். சும்மா வந்துகொண்டிருந்த மாப்பிள்ளை வீட்டாரை எழுப்பிப் பந்தியில் பரிமாற விடுகிறோம், அவ்வளவுதான்.

பழைய கோல்ஃப் ஜிடிஐ, பெஜோ 205 ஜிடிஐ பந்தயப் படங்களைப் பாருங்கள். வளைவில் உள்பக்கப் பின் சக்கரம் நாய் கால் தூக்குவது போல அந்தரத்தில் நிற்கும். அந்த வண்டிகளுக்கு அது பழுது இல்லை, குணம். ஆனால் அங்கே ஓர் எல்லையும் இருக்கிறது. சக்கரம் தரையை விட்டுவிட்டால் பின்னச்சு மாற்றக்கூடிய பாரம் எல்லாம் மாறி முடிந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் பின் பாரை எவ்வளவு இறுக்கினாலும் மூக்கு ஒரு இஞ்ச்கூட அதிகம் திரும்பாது. மிச்சப் பாரம் முன்னச்சுக்கே போகும். "பின் பார் 65 வச்சும் திரும்பலை" என்று வருகிறவர்கள் பாதிப் பேர் இந்த எல்லையைத் தாண்டி நிற்பவர்கள்தான்.

ஃபோர்ஸாவில் ஆன்டி-ரோல் பார் ஸ்லைடர் 1 முதல் 65 வரை. ரேஸ் வகைப் பார் போட்டால்தான் ஸ்லைடர் திறக்கும், அதற்கான பிஐ செலவு மிகச் சொற்பம். முன் பாரை 15-20-க்கு இறக்கி, பின் பாரை 35-இல் தொடங்கி, ஐந்து ஐந்தாக ஏற்றிப் பார்ப்பது என் வழக்கம். கிரான் டூரிஸ்மோ 7-இல் 1 முதல் 10 வரைதான். முன் 3, பின் 7 என்று ஆரம்பிக்கலாம். பாரில் போதவில்லை என்றால் பின் ஸ்பிரிங்கையும் இறுக்குங்கள், பின் உயரத்தை ஒரு பொட்டு ஏற்றுங்கள். அலைன்மென்ட்டும் இந்தக் கட்சியில் சேர்ந்ததுதான். முன் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்) மைனஸ் 2-ஐ ஒட்டி, பின் கேம்பர் அதைவிடக் குறைவாக, பின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பி நிற்கும் கோணம்) பூஜ்யத்தில். பின் டோ-அவுட் (சக்கரத்தின் முன்முனை வெளியே பார்ப்பது) கொடுத்தால் வண்டி பம்பரம் மாதிரி சுழலும். ஃபோர்ஸாவின் மெக்ஸிகோ வரைபடத்தில் வரும் குவானஹுவாட்டோ ஊரின் சந்துகளுக்கு அது அழகு, நெடுஞ்சாலையில் 200-ஐத் தாண்டினால் உள்ளங்கை வேர்க்கும்.

இதற்கு மறைமுக விலை வால். நடு வளைவில் பயந்து ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் பாரம் முன்னால் பாயும், பின்னால் பிடிப்பு போய்விடும், வண்டி வந்த திசையைப் பார்த்து நிற்கும். மழையில் இன்னும் மோசம். ஒரு முறை மெக்ஸிகோ புயலில் பின் பார் 60-உடன் முன்னணியில் போய்க்கொண்டிருந்தேன். எதிரே ஒரு லாரி, கால் தானாகத் தூக்கியது. அந்த ஞாயிறு நான் பதினோராவது. ரூமில் இன்னும் என் பெயர் "யூ டர்ன் அண்ணா". கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் ட்ரிக்கரை மெல்ல விடப் பழகாமல் 45-க்கு மேல் போக வேண்டாம்.

நோய் நுழைவிலோ நடு வளைவிலோ இருந்தால் இதுதான் மருந்து. வெளியேற்றத்தில் இருந்தால் இதனால் பெரிய பலன் கிடையாது.

## வழி இரண்டு: டிஃப்

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். வளைவில் உள்பக்க முன் டயரின் மேல் பாரம் இல்லை, அது லேசாக மிதித்ததும் சுழன்று புகை விடும். அது தாங்குகிற அளவுக்குத்தான் வெளிப்பக்க டயருக்கும் கிடைக்கும். லிமிடெட் ஸ்லிப் டிஃப் இருந்தால் சுழலும் சக்கரத்தைப் பிடித்து வெளிப்பக்கத்துக்கு விசையை அனுப்பும். வெளிப்பக்க டயர் அதிகமாக இழுப்பதால் மூக்கு உள்பக்கம் திரும்பும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் வண்டி உள்ளே போகிற விநோதம் இதனால்தான். ஹோண்டா அந்த 1997 சிவிக் டைப் ஆரை விற்றபோதே உள்ளே லிமிடெட் ஸ்லிப் டிஃப் வைத்துத்தான் விற்றது.

ஃபோர்ஸாவில் ரேஸ் டிஃப் போட்டு, ஆக்ஸிலரேஷன் 40-இல் தொடங்குங்கள். டெலிமெட்ரி திரையில் (ஓடும்போதே வண்டியின் அளவுகளைக் காட்டும் திரை) உராய்வுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மெதுவான வளைவிலிருந்து வெளியேறுங்கள். உள்பக்க முன் டயர் மட்டும் எல்லையைத் தாண்டிச் சிவந்தால் பத்துப் படி ஏற்றுங்கள். இரண்டும் சேர்ந்து சிவந்து மூக்கு வெளியே ஓடினால் ஏற்றியது அதிகம், இறக்குங்கள். டிசெலரேஷனைப் பூஜ்யத்தை ஒட்டியே வையுங்கள். அங்கே பூட்டு ஏறினால் காலை எடுத்ததும் இரண்டு முன் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்ற முயலும், வண்டி நேராகப் போகத்தான் பார்க்கும். வழி ஒன்றில் சம்பாதித்ததை எல்லாம் அது தின்றுவிடும். கிரான் டூரிஸ்மோ 7-இல் மூன்று எண்களும் 5 முதல் 60 வரை. தொடக்க முறுக்கும் பிரேக் பக்க எண்ணும் அடிமட்டத்தில், ஆக்ஸிலரேஷன் பக்கம் 20-ஐ ஒட்டி.

இதன் மறைமுக விலையை வீல் வைத்திருப்பவர்கள்தான் முதலில் உணர்வார்கள். பூட்டு ஏறிய டிஃப் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். மேடு பள்ளமான ரோட்டில் வண்டி தனக்கென்று ஒரு மனசோடு போகும். இன்னொன்று, வெளியேற்றத்தில் காப்பாற்றுகிற இந்த டிஃப் நுழைவில் ஒன்றும் செய்யாது. வளைவுக்குள் அதிவேகமாகப் பாய்ந்துவிட்டு "டிஃப் போட்டேனே" என்று அழுவதில் பயனில்லை.

## வழி மூன்று: டயர்

மூன்று இடத்திலும் நல்ல பலன் தரும் ஒரே வழி. விலையும் அதற்கேற்ப. ஃபோர்ஸாவில் ஸ்ட்ரீட்டிலிருந்து ஸ்போர்ட், அதிலிருந்து செமி-ஸ்லிக் என்று ஏற ஏற பிஐ கொட்டும். பி வகுப்பில் செமி-ஸ்லிக் போட்ட வண்டிக்கு எஞ்சின் வாங்கக் காசு மிஞ்சாது. வளைவில் ராஜா, நேர் ரோட்டில் ஆட்டோ. என் கணக்கில் பி-யில் ஸ்போர்ட் டயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதைவிட மலிவு, முன் டயரின் அகலத்தை மட்டும் கூட்டி பின் அகலத்தை அப்படியே விடுவது.

கிரான் டூரிஸ்மோ 7-இல் ஒரு குறுக்கு வழி உண்டு. முன்னும் பின்னும் வேறு வேறு ரக டயர் போடலாம். முன்னால் மிருது, பின்னால் ஒரு படி கடினம் என்று போட்டால் மூக்கு கத்தி மாதிரி வெட்டும். ஆனால் பின் டயர் சூடேறாத முதல் சுற்றில் யாரும் பக்கத்தில் வராமல் இருந்தால் உங்களுக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

டயர் தேய்மானம் போட்ட நீண்ட பந்தயத்தில் கதை மாறும். எல்லா வேலையையும் முன் டயரே செய்வதால் அதுதான் முதலில் கரையும், பின் டயர் புதுசு போலவே இருக்கும். சுற்று ஏற ஏற அண்டர்ஸ்டியர் தானாக வளரும். டயரை நம்பி மட்டும் கட்டிய வண்டி கடைசி ஐந்து சுற்றில் கையை விரிக்கும். தேய்மானம் போட்டிருந்தால் தொடக்கத்தில் கொஞ்சம் அதிகமாகவே வால் ஆடும் செட்டப்போடு போங்கள், நடுவில் சரியாகிவிடும்.

## வழி நான்கு: நாலு சக்கர இழுவைக்கு மாற்றுவது

கிரான் டூரிஸ்மோ 7 ஆடுபவர்கள் இதைத் தாண்டிப் போகலாம், அங்கே இப்படி ஒரு பாகம் கடையில் இல்லை. ஃபோர்ஸாவில் பெரும்பாலான முன்சக்கர வண்டிகளை ஏடபிள்யூடி ஆக்கிவிட முடியும். தொடக்கத்தில் சீறும், வெளியேற்றத்தில் ஒட்டும், மண்ணில் கவலையே இல்லை.

விலை? எடை கூடும், பிஐ கணிசமாகப் போகும். அந்தப் பிஐ-யில் வாங்கியிருக்கக்கூடிய எடைக்குறைப்பும் டயரும் கை நழுவும். சிறிய வகுப்பில் தார் ரோட்டில் இது எனக்கு ஒருபோதும் லாபமாக வந்ததில்லை. நடு வளைவில் பழைய அண்டர்ஸ்டியர் அப்படியேதான் இருக்கும், கூடுதல் எடையோடு. ஆனால் எஸ்1-இல், அதாவது 800-க்கு மேல், 400 குதிரைத்திறனை இரண்டு முன் சக்கரத்தில் இறக்குவது வீராப்பு மட்டும்தான். அங்கே மாற்றிவிடுங்கள். எங்கள் ரூமுக்கு மட்டும் அதை ஓட்டி வராதீர்கள், வெளியே அனுப்பிவிடுவோம்.

## ஒரே பார்வையில்

| வழி | நுழைவு | நடு வளைவு | வெளியேற்றம் | புள்ளிச் செலவு | மறைமுக விலை |
|---|---|---|---|---|---|
| பின் இறுக்கம் | நல்ல பலன் | மிக நல்ல பலன் | கொஞ்சம் | சொற்பம் | காலை விட்டால் சுழலும், மழையில் ஆபத்து |
| டிஃப் | இல்லை | இல்லை | மிக நல்ல பலன் | சொற்பம் | ஸ்டியரிங்கைப் பிடுங்கும் |
| டயர் | நல்ல பலன் | நல்ல பலன் | நல்ல பலன் | அதிகம் | நேர் ரோட்டில் வேகம் போகும், முன் டயர் கரையும் |
| ஏடபிள்யூடி | இல்லை | இல்லை | மிக நல்ல பலன் | அதிகம் | எடை, ரூமில் தடை |

குதிரைத்திறனைக் கூட்டுவது இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அது மருந்தில்லை, நோய். முன்சக்கர வண்டியில் மிச்சம் இருக்கும் புள்ளியை எடைக்குறைப்பில் போடுங்கள். லேசான வண்டி பிரேக், திருப்பம், இழுவை மூன்றிலும் அந்த ஏழை முன் டயர்களுக்கு ஓய்வு கொடுக்கும்.

## காசில்லாத ஐந்தாவது வழி

1962-இலும் 1963-இலும் எரிக் கார்ல்சன் சாப் 96 என்கிற குட்டி முன்சக்கர வண்டியில் மான்டி கார்லோ ராலியை வென்றார். அவர் கையாண்ட உத்தி இடது கால் பிரேக். வலது கால் ஆக்ஸிலரேட்டரை விடாது, இடது கால் பிரேக்கை லேசாகத் தொடும். பாரம் முன்னால் வரும், பின்பக்கம் லேசாகும், மூக்கு திரும்பும், எஞ்சினின் சுழற்சியும் விழாது. கன்ட்ரோலரில் இதற்கு இரண்டு ட்ரிக்கரையும் ஒன்றாகப் பிடித்தால் போதும். உங்கள் ஸ்விஃப்ட்டில் ஓசூர் ரோட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால் பிரேக்கையும் அதே ஆத்திரத்தில் மிதிக்கும், பின்னால் வரும் டெம்போக்காரர் கன்னடத்தில் வாழ்த்துவார்.

வளைவுக்குள் போகும்போதும் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது இதே குடும்பம். இரண்டும் கைவந்தால் பின் பாரை ஐந்து படி இறக்கிக்கொள்ளலாம். செட்டப் செய்ய வேண்டியதைக் கால் செய்துவிடும், மழையிலும் பயமில்லை.

## அந்த மூன்று பேருக்கு

மர்ஃபி டவுன் தம்பி ரீப்ளே அனுப்பியிருந்தான். பார்த்தேன். நுழைவில் பிரச்சினையே இல்லை, வளைவின் உச்சியைத் தாண்டியதும் முழு ட்ரிக்கர், உள்பக்க டயரில் புகை. அவன் பின் பாரை 58 வரை ஏற்றி வைத்திருக்கிறான். தம்பி, அதை 35-க்கு இறக்கு. ரேஸ் டிஃப் போட்டு 50 வை. எஞ்சினுக்குப் போட்ட கேம்ஷாஃப்டைக் கழற்றி அந்தப் புள்ளிக்கு எடையைக் குறை.

வைட்ஃபீல்ட் நண்பரின் கதை நேர் எதிர். சுகுபா 2.045 கிலோமீட்டர்தான், ஆனால் அதன் கடைசி வலது வளைவு முடியவே முடியாது என்று தோன்றும் அளவுக்கு நீளம். அங்கே பாதி ஆக்ஸிலரேட்டரில் உருண்டுகொண்டே இருக்க வேண்டும், வெளியே வரும் வேகம்தான் முழு நேர் ரோட்டுக்கும் முதல். ஸ்விஃப்ட் அங்கே மெல்ல மெல்ல வெளியே வழிகிறது என்கிறார். சுத்தமான நடு வளைவு நோய். சார், டிஃபைத் தொடாதீர்கள். பின் பார் 7, முன் 3, பின் ஸ்பிரிங் ஒரு படி. வீல் வைத்திருக்கிறீர்கள், வால் ஆடினால் கை பிடித்துவிடும். ஒரு நேரத்தில் ஒரு எண்ணை மட்டும் மாற்றி ஐந்து சுற்று ஓட்டுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் திங்கட்கிழமை மீட்டிங்கிலும் அதையே யோசித்துக்கொண்டிருப்பீர்கள்.

அக்கா, மண் ரோட்டுக்கு ஏடபிள்யூடி போட்டுக்கொள்ளுங்கள், ராலி டயரும் சேர்த்து. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் பழைய வண்டியைத் தனியாக ஒரு ட்யூனாகச் சேமித்து வையுங்கள், மகன் அழிக்காத பெயரில்.